தோல் ஷாப் கழிவு பட்ட நிலம்: பாட்டில் பாக்டீரியா குரோமியத்தை எடுத்துவிடுமா?

கேள்வி: பேரணாம்பட்டு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டி எங்களுக்கு 80 சென்ட் நிலம் இருக்கிறது. பக்கத்தில் முன்பு ஒரு தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் டேனரி இருந்தது. மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அவர்கள் விட்ட தண்ணீர் எங்கள் மேட்டு வயலில் தேங்கும். சேற்றுக் கழிவையும் ஓரமாகக் கொட்டினார்கள். இப்போது நெல் நட்டால் நுனி கருகுகிறது, தூர் கட்டுவதில்லை. தனியார் ஆய்வகத்தில் மண் கொடுத்தோம். மொத்த குரோமியம் கிலோவுக்கு 620 மி.கி., பி.எச். 8.4, ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன்) 5.2 என்று வந்தது. கிணற்றுத் தண்ணீரில் குரோமியம் லிட்டருக்கு 0.11 மி.கி. வி.கோட்டா பக்கம் தக்காளி போடும் என் மச்சான் மூலமாக ஒரு கம்பெனிக்காரர் வந்தார். 'உலோகம் தின்னும் பாக்டீரியா' என்று ஒரு திரவம், ஏக்கருக்கு 5 லிட்டர், லிட்டர் 900 ரூபாய், 95 சதவீதம் நீக்கும் என்கிறார். வாங்கலாமா? நுண்ணுயிரியல் படிக்கும் என் மகள், பாக்டீரியா உலோகத்தைப் பிடிப்பது உண்மைதான் என்கிறாள். எப்படிப் பிடிக்கிறது, எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கமாகச் சொல்லுங்கள். அந்த நிலத்தில் கீரை போடலாமா?

பதில்: ஐயா, உங்கள் மகள் சொல்வது சரி. கம்பெனிக்காரர் சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை மட்டும் நம்பி 3,600 ரூபாய் செலவழிக்க வேண்டாம்.

பாக்டீரியா எந்த உலோகத்தையும் தின்று தீர்க்காது. எண்ணெய், பூச்சிமருந்து, சாயம் போன்றவை கரிமப் பொருள்கள். அவற்றை உடைத்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிட முடியும். குரோமியம் ஒரு தனிமம். அதை உடைக்க ஒன்றுமில்லை. பாக்டீரியாவால் முடிவது மூன்று: தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், அல்லது கரையும் வடிவத்தைக் கரையாத வடிவமாக மாற்றும். மூன்றிலும் உலோகம் உங்கள் வயலிலேயேதான் இருக்கும். விதிவிலக்கு என்றால் பாதரசம். அதைச் சில பாக்டீரியாக்கள் ஆவியாகும் வடிவத்துக்கு மாற்றிவிடும். மண்ணை விட்டுப் போகும், ஆனால் காற்றுக்குப் போகும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் சுமார் 900 டன் இருக்கும். உங்கள் 80 சென்டுக்கு 720 டன். கிலோவுக்கு 620 மி.கி. என்றால் மேல் மண்ணில் மட்டும் ஏறத்தாழ 445 கிலோ குரோமியம் இருக்கிறது. உங்களுக்குத் தேவைப்படும் பாட்டில் 4 லிட்டர். திரவ உயிர் உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை கேட்கும் குறைந்தபட்ச அளவான மில்லிக்கு 10 கோடி உயிருள்ள செல் அதில் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 40,000 கோடி செல். கேட்கப் பெரிதாக இருக்கிறது. காய்ந்த எடையில் அது ஒரு கிராமின் எட்டில் ஒரு பங்குதான். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உலோகத்தைப் பிடித்தாலும், 445 கிலோவுக்கு எதிரே வெறும் 25 மி.கி.தான் வரும்.

'பெருகும் சார்' என்பார். பெருகும்தான், தின்ன இருந்தால். உங்கள் மண் கெட்டுப்போயிருக்கிறது என்று குறைத்தே கணக்கிட்டு, கிராமுக்கு ஒரு கோடி பாக்டீரியா என்று வைத்தாலும், பாட்டிலில் இருந்து இறங்கும் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஏற்கெனவே 18,000 பேர் குடியிருக்கிறார்கள். அவர்கள் உப்புக்கும் குரோமியத்துக்கும் பல வருஷமாகப் பழகியவர்கள். ஆய்வகத்தில் சொகுசாக வளர்ந்த புதியவர் ஈ.சி. 5.2 உள்ள மண்ணில் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாலே அதிகம். டேனரிக் கழிவு பட்ட மண்ணில் குரோமியத்தை மாற்றும் பாக்டீரியாவைத் தேடிப் பிரித்தெடுத்தவர்கள் அநேகம். தேடிய இடத்திலெல்லாம் கிடைத்திருக்கிறது. ஆக, உங்கள் வயலில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குச் சோறு இல்லை. காசு போக வேண்டிய இடம் அதுதான்.

அந்த 95 சதவீதம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எங்கே அளந்தது என்பதுதான் விஷயம். குடுவையில் சத்து நிறைந்த திரவம், அதில் லிட்டருக்கு 50 அல்லது 100 மி.கி. குரோமேட் (தண்ணீரில் கரையும் குரோமியம்-6), 35 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று நாள் குலுக்கல். கடைசியில் டைபினைல்கார்பசைடு என்ற சோதனைப் பொருளை விட்டு, ஊதா நிறம் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனை குரோமியம்-6 என்ற வடிவத்தை மட்டுமே காட்டும். நிறம் போனால் குரோமியம் போய்விட்டது என்று பொருளில்லை; குரோமியம்-3 ஆகிவிட்டது என்று பொருள். துண்டுச்சீட்டில் வரும்போது 'மாற்றியது' என்பது 'நீக்கியது' ஆகிவிடுகிறது.

ஆனால் அந்த மாற்றமே உங்களுக்குப் பெரிய லாபம். டேனரியில் பயன்படுவது கார குரோமியம் சல்பேட், அதாவது குரோமியம்-3. வழக்கமான முறையில் அதில் 60 முதல் 70 சதவீதம்தான் தோலில் ஏறும்; மீதி கழிவு நீரில் வெளியேறும். உங்கள் மண் போலக் காரத்தன்மை உள்ள மண்ணில் குரோமியம்-3 ஹைட்ராக்சைடாகப் படிந்து கல் மாதிரி கிடக்கும். கரையாது, நகராது, பயிரிலும் வேரைத் தாண்டி அதிகம் ஏறாது. குரோமியம்-6 நேரெதிர். குரோமேட் என்ற எதிர்மின் அயனியாகத் தண்ணீரோடு ஓடும், கிணற்றுக்குப் போகும், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானது. மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் குரோமியம்-3-இல் ஒரு சிறு பகுதியை மெல்ல மெல்ல குரோமியம்-6 ஆக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சிறு பகுதிதான் எல்லாத் தொல்லையும் செய்கிறது.

உங்கள் ஆய்வகம் விட்டுவிட்டது இதைத்தான். 620 என்பது மொத்தக் கணக்கு. சாதாரண மண்ணிலேயே பாறையின் தன்மையைப் பொறுத்து கிலோவுக்குச் சில பத்து மி.கி. முதல் 100 வரை இருக்கும், ஆகவே 620 மாசுதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் குரோமியம்-6 எவ்வளவு என்று தெரியாமல் ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஓர் ஒப்பீட்டுக்கு: கனடாவில் விவசாய மண்ணுக்கான வழிகாட்டு அளவு மொத்த குரோமியத்துக்கு 64 மி.கி., குரோமியம்-6-க்கு வெறும் 0.4 மி.கி. இரண்டையும் அவர்கள் எவ்வளவு வித்தியாசமாகப் பார்க்கிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. உங்கள் கிணற்று முடிவு இன்னொன்றையும் சொல்கிறது. காரத்தன்மையுள்ள தெளிந்த நீரில் குரோமியம்-3 கரைந்திருக்க வழியில்லை. ஆகவே அந்த 0.11 ஏறத்தாழ முழுவதும் குரோமியம்-6 என்றே கொள்ள வேண்டும். இந்தியக் குடிநீர்த் தர வரம்பு 0.05. அந்தத் தண்ணீரை இன்றோடு குடிக்கவும் சமைக்கவும் நிறுத்திவிடுங்கள். கொதிக்க வைத்தால் போகாது, வற்ற வற்ற அளவு கூடும். மஞ்சளாக இல்லையே என்று சமாதானம் ஆகாதீர்கள். கண்ணுக்கு மஞ்சள் தெரியும்போது வரம்பைப் பல மடங்கு தாண்டியிருக்கும்.

இனி உங்கள் மகளின் கேள்வி. பாக்டீரியாவின் செல் சுவரில் கார்பாக்சில், பாஸ்பேட், அமைன் தொகுதிகள் நிறைய உண்டு. பேசில்லஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் வகையில் தடித்த பெப்டிடோகிளைக்கான் அடுக்கும் அதில் கோத்த டெய்க்காயிக் அமிலமும், சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் வகையில் வெளிச்சவ்வின் லிப்போபாலிசாக்கரைடும் எதிர்மின் சுமையைத் தரும். சுற்றிச் சுரக்கும் பசையும் அப்படியே. ஈயம், காட்மியம், தாமிரம், நிக்கல், துத்தநாகம் எல்லாம் நேர்மின் அயனிகள், வந்து ஒட்டிக்கொள்ளும். இது சில நிமிஷங்களில் நடந்துவிடும். செல்லுக்கு உயிர் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பி.எச். 3-க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு உலோகத்தை விட்டுவிடும். கழிவு நீர்த் தொட்டியில் இந்த முறை அருமையானது: காய்ந்த பாக்டீரியா நிறைத்த குழாய் வழியே நீரை விட்டு, பிடித்ததை அமிலத்தால் கழுவி எடுத்துவிடலாம். வயல் மண்ணில் யார் பாக்டீரியாவைத் தனியே பிரித்து எடுப்பது? செல் செத்து மக்கும்போது பிடித்ததில் ஒரு பகுதி திரும்ப வெளியே வரும்.

குரோமேட்டுக்கு இந்த வழியும் சரிப்படாது. அதுவும் எதிர்மின், செல்லின் பரப்பும் எதிர்மின். ஆய்வுகளில் குரோமேட் நன்றாக ஒட்டுவது பி.எச். 2 போன்ற கடும் அமிலத்தில். உங்கள் மண் 8.4. ஒட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

குரோமேட் செல்லுக்குள் நுழைவது வேறு வாசல் வழியாக. அதன் வடிவம் சல்பேட்டைப் போலவே இருப்பதால், சல்பேட்டை ஏற்றும் புரதம் இதையும் ஏற்றிவிடும். திருவிழாக் கூட்டத்தில் டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறுகிற ஆள் மாதிரி. உள்ளே வந்ததும் சில பாக்டீரியா சி.எச்.ஆர்.ஏ. என்ற பம்ப் புரதத்தால் அப்படியே வெளியே தள்ளிவிடும். இது 'தாங்கும்' பாக்டீரியா. அதனால் அதற்கு நன்மை, உங்களுக்கு ஒன்றுமில்லை. இன்னும் சிலவற்றில் சி.எச்.ஆர்.ஆர். போன்ற நொதிகள் மூன்று எலக்ட்ரான்களைக் கொடுத்து குரோமியம்-3 ஆக்கும். இதுதான் வேண்டிய பாக்டீரியா. 'இத்தனை பி.பி.எம். குரோமியத்தைத் தாங்கும்' என்று பாட்டிலில் போட்டிருந்தால் அது முதல் குணத்தைச் சொல்கிறது, இரண்டாவதை அல்ல. கம்பெனிக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று: உரக் கட்டுப்பாட்டு ஆணையின் உயிர் உரப் பட்டியலில் ரைசோபியம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா எல்லாம் உண்டு, 'உலோக நீக்கி' என்று ஒரு வகை கிடையாது.

நிஜ வயலில் பெரும்பாலான வேலை இதைவிடச் சுற்றுவழியில் நடக்கிறது. சேறு கட்டிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் சுவாசிக்க முதலில் நைட்ரேட்டையும், பிறகு மாங்கனீசையும், பிறகு இரும்பையும், கடைசியில் சல்பேட்டையும் பயன்படுத்தும். இரும்பைச் சுவாசிப்பவை உண்டாக்கும் பெரஸ் இரும்பும், சல்பேட்டைச் சுவாசிக்கும் டிசல்போவிப்ரியோ போன்றவை விடும் ஹைட்ரஜன் சல்பைடும் குரோமேட்டைக் கண்ட மாத்திரத்தில் குரோமியம்-3 ஆக்கிவிடும். சேறு கறுத்து, அழுகிய முட்டை வாசம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இதே சல்பைடு காட்மியம், ஈயம், துத்தநாகத்தையும் கரையாத சல்பைடாகப் படியவைக்கும். ஆனால் வயலை வடித்துக் காயவிட்டால் காட்மியம் சல்பைடு காற்றுப் பட்டு மறுபடி கரையும். பேட்டரி உடைக்கும் இடங்களின் பக்கத்தில் நெல் போடுபவர்கள் கதிர் பிடிக்கும் நேரத்தில் தண்ணீரை முழுக்க வடிக்கக் கூடாது என்பது இதனால்தான். உங்கள் இடத்தில் குரோமியம் மட்டும்தானா, ஈயமும் காட்மியமும் உண்டா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. மாதிரி எடுப்பதிலிருந்தே தவறு தொடங்கும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 80 சென்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். சேற்றுக் கழிவு கொட்டிய ஓரம், தண்ணீர் தேங்கிய மேட்டு வயல், பாதிக்கப்படாத பகுதி என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 இடத்தில் 'வி' வடிவில் வெட்டி, 0–15, 15–30 சென்டிமீட்டர் ஆழங்களைத் தனித்தனியே எடுங்கள். குரோமியம் பூசிய கரண்டியோ எவர்சில்வரோ வேண்டாம். மரக்குச்சி, பிளாஸ்டிக் முறம் போதும். நன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோவாகக் குறையுங்கள். சாதாரண மண் பரிசோதனைக்கு நிழலில் உலர்த்தச் சொல்வார்கள். இங்கே அதைச் செய்யக் கூடாது. உலர்த்தும்போதே மாங்கனீசின் வேலை மாறி குரோமியம்-6 அளவு குழம்பிவிடும். ஈரமாகவே பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றோ மறுநாளோ கொடுத்துவிட வேண்டும். ரசீதில் 'குரோமியம்-6, காரக் கரைப்பு முறை' என்று எழுதி வாங்குங்கள். மண் வள அட்டையின் 12 அளவீடுகளில் குரோமியம் கிடையாது. நுண்ணூட்டத்துக்குச் செய்யும் டி.டி.பி.ஏ. சோதனையும் இதற்கு உதவாது. விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் எங்கே அனுப்புவது என்று வழி சொல்வார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் துறை, சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஆகியவை இந்த வேலையை அறிந்த இடங்கள்.

முடிவு வந்ததும் வாளிச் சோதனை ஒன்றைத் தொடங்கலாம், மகளுக்கும் நல்ல பயிற்சி. கெட்ட பகுதியின் மண்ணைக் கலந்து, ஓட்டையில்லாத 15 பிளாஸ்டிக் வாளிகளில் 5 கிலோ வீதம் போடுங்கள். மூன்று மூன்றாக ஐந்து வகை. முதல் வகையில் மண்ணும் தண்ணீரும் மட்டும். இரண்டாவதில் 55 கிராம் மாட்டெரு. மூன்றாவதில் அதே எருவோடு 5 கிராம் மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு. கிடைக்காவிட்டால் அழுக்கு வெல்லம். நான்காவதில் எருவும் அந்தப் பாட்டில் திரவமும், அவர் சொன்ன அளவிலேயே. அது வாளிக்கு 0.03 மில்லி, அதாவது ஒரு துளிக்கும் குறைவு. 10 மில்லி தண்ணீரில் 1 மில்லி திரவத்தைக் கலந்து, அதிலிருந்து 0.3 மில்லி விட்டால் சரியாக இருக்கும். ஐந்தாவதில் எரு இல்லாமல் அன்னபேதி உப்பு (பெரஸ் சல்பேட்). ஒரு கிலோ குரோமியம்-6-ஐ மாற்ற 16 கிலோ அன்னபேதி தேவை. மண்ணில் கிலோவுக்கு 8 மி.கி. என்று வந்தால் வாளிக்கு 0.64 கிராம். காற்று ஒரு பகுதியைக் கெடுத்துவிடும் என்பதால் இரண்டு மடங்காக 1.3 கிராம் போடுங்கள். எல்லாவற்றிலும் மண்ணுக்கு மேல் 2 சென்டிமீட்டர் நல்ல தண்ணீர் நிற்கட்டும், நிழலில் 30 நாள். மூன்று வாளி மண்ணையும் சேர்த்து ஒரு மாதிரி, ஐந்து வகைக்கு ஐந்து சோதனை. நான்காவது இரண்டாவதைவிடத் தெளிவாக நன்றாக வந்தால் பாட்டிலை வாங்குங்கள், நானும் மறுபேச்சு பேசமாட்டேன். சாம்பிள் பாட்டில் தர மறுத்தால் அதுவே பதில்.

வயலில் வரிசை ரொம்ப முக்கியம். உங்கள் நெல் கருகுவதற்கு முதல் காரணம் குரோமியம் என்று நான் நினைக்கவில்லை. ஈ.சி. 4-க்கு மேல் போனாலே உவர் மண், 5.2-இல் நெல்லின் நுனி கருகத்தான் செய்யும். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பில் பெரும்பகுதி ஊறவைக்கும் தண்ணீரில் வெளியேறி வயலுக்கு வந்திருக்கிறது. எனவே யாரைக் கேட்டாலும் ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் கட்டி உப்பை வடியுங்கள் என்பார்கள். சரியான யோசனைதான், ஆனால் இப்போது செய்தால் உப்போடு குரோமேட்டும் கீழே இறங்கி உங்கள் கிணற்றுக்கே போகும். முதலில் குரோமியம்-6-ஐ மாற்றிப் பூட்ட வேண்டும், அதன் பிறகுதான் உப்பை வடிக்க வேண்டும். டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரத்தையும் அதுவரை நிறுத்தி வையுங்கள். மண்ணில் ஒட்டியிருக்கும் குரோமேட்டைப் பாஸ்பேட் நெட்டித் தள்ளிவிடும். யூரியாவும் வேண்டாம். அது நைட்ரேட்டாகி, பாக்டீரியா குரோமியத்தை விட்டுவிட்டு அதைச் சுவாசிக்கப் போய்விடும்.

ஆடி வாக்கில் தொடங்குவது நல்லது. கிலோவுக்கு 1 மி.கி.க்கு மேல் குரோமியம்-6 உள்ள பகுதியை மட்டும் வரப்புப் போட்டுப் பிரியுங்கள். முழு நிலத்துக்கும் செலவழிக்க வேண்டாம். சென்டுக்கு 100 கிலோ எரு. பாதி மக்கியதும் பாதி புதுச் சாணமுமாக இருந்தால் நல்லது, நன்றாக மக்கிய எருவில் பாக்டீரியா உடனே தின்னக்கூடிய சத்து குறைவு. உழுது கலந்து, சென்டுக்கு 9 கிலோ மொலாசஸைப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்துச் சீராக ஊற்றுங்கள். எடுத்த எடுப்பில் வயலை நிரப்பிவிடாதீர்கள். ஒரு வாரம் வெறும் ஈரத்தில் விட்டு, பாக்டீரியா பெருகிய பிறகு சேற்றுழவு செய்து அடிமண்ணை இறுக்கி, அதன் பின் விரல் அளவு தண்ணீர் நிறுத்துங்கள். இந்த ஒரு வாரத்தைப் பொறுக்காமல் முதல் நாளே தண்ணீர் கட்டினால் மாறாத குரோமேட் அப்படியே கீழே இறங்கும். மூன்று வாரம் வடிகால் திறக்காமல், தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை நீர் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்கு வழியக் கூடாது. கொசு வரும், நாற்றம் வரும். பக்கத்துக் காட்டுக்காரரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

நான்காவது வாரம் மறுபடி ஈர மாதிரி. குரோமியம்-6 பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். உப்பு அதிகமாகிப் பாக்டீரியா வேலை செய்யவில்லை, இடையில் தண்ணீர் வற்றிக் காற்றுப் புகுந்தது, அல்லது அளவு பாக்டீரியாவையே கொல்லும் அளவுக்கு அதிகம். மூன்றாவது என்றால் அன்னபேதியைச் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன 16 மடங்குக் கணக்குதான், இரட்டிப்பாக. கிலோவுக்கு 10 மி.கி. உள்ள ஒரு சென்டில் 90 கிராம் குரோமியம்-6 இருக்கும், அதற்கு 3 கிலோ அன்னபேதி. சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் அது சட்டென்று துருப்பிடித்து வீணாகும். கரைத்த உடனே, சேற்றின் ஈரத்தோடு கலக்க வேண்டும்.

குறைந்தது என்றால் தண்ணீரை நிலத்திலேயே வற்றவிட்டு, முழுக்கக் காய்வதற்குள் ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் தக்கைப்பூண்டு விதையுங்கள். உப்பைத் தாங்கும், 45 நாளில் பூ எடுக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதால் இரண்டாம் சுற்றுச் சோறு. அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். ஆய்வகம் சொன்ன அளவு ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரில் உப்பை வடிப்பது அப்போதுதான். ஜிப்சத்திலிருந்து வரும் சல்பேட் இன்னொரு உபகாரமும் செய்யும்: மிச்சமிருக்கும் குரோமேட்டோடு போட்டி போட்டு, அது பயிரின் வேருக்குள் நுழைவதைக் குறைக்கும்.

பூட்டிய பூட்டு தானே திறந்துகொள்ளவும் கூடும் என்பதை மறக்க வேண்டாம். சித்திரை வெயிலில் வெறும் நிலமாகக் காயவிட்டால் மாங்கனீசு தன் வேலையைத் தொடங்கும். ஆண்டுக்கு ஏக்கருக்கு 5 டன்னாவது எருவோ பசுந்தாளோ போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட மோசமானது நெருப்பு. தோல் துண்டையும் சேற்றுக் கழிவையும் கொளுத்தினால், காற்றும் சாம்பலின் காரமும் சேர்ந்து, சும்மா கிடந்த குரோமியம்-3-ஐ நேராக குரோமியம்-6 ஆக்கிவிடும். எங்கள் பகுதி வீடுகளில் தோல் வெட்டுத் துண்டுகளை அடுப்பெரிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தச் சாம்பலை வயலில் கொட்டாதீர்கள். கந்தகத் தூளும் வேண்டாம். கந்தகம் தின்னும் பாக்டீரியா மண்ணை அமிலமாக்கி, படிந்த உலோகங்களையெல்லாம் கரைத்துவிடும். சுரங்கத் தாதுவிலிருந்து உலோகம் எடுக்க அதே பாக்டீரியாவைத்தான் பயன்படுத்துகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆலைச் சேற்றில் செய்த கம்போஸ்ட் வாங்கினால், சோதனைச் சீட்டில் குரோமியம் கிலோவுக்கு 50 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. நகரக் கம்போஸ்டுக்கு உள்ள வரம்பு அது.

கீரை இப்போது வேண்டாம். குரோமியம் வேரிலேயே தங்கிவிடும் என்றாலும், கீரையின் இலையில் ஒட்டும் மண்ணே போதும் கெடுக்க; எத்தனை கழுவினாலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். முள்ளங்கி, வேர்க்கடலையும் வேண்டாம், அவை மண்ணுக்குள்ளேயே விளைபவை. முதல் வருஷம் மல்லிகையோ சம்பங்கியோ போடலாம். ஆனால் இரண்டும் இந்த உப்பில் திணறும் என்பதால் உப்பு வடிந்த பிறகுதான். சவுக்கு தாங்கும். நெல்தான் வேண்டும் என்றால் உவர், களர் நிலத்துக்கென்று வந்த டி.ஆர்.ஒய். 3 போன்ற ரகம். நெல்லில் தானியத்தைவிட வைக்கோலில் உலோகம் அதிகம் தங்கும், ஆகவே அந்த வைக்கோலை மாட்டுக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை சோதித்துவிடுங்கள். மச்சானின் தக்காளியைப் பற்றி இந்தக் கணக்கில் கவலை வேண்டாம், அவர் நிலத்துக்கு டேனரித் தண்ணீர் போகவில்லை என்றால்.

கிணற்றை மண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மேல் மண் பூட்டிய பிறகும் நிலத்தடி நீரில் அளவு உடனே இறங்காது. இரண்டு மழைக்காலம் பார்த்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதியுங்கள். பாசனத்துக்கு அதே தண்ணீரைக் கட்டினால், 0.11 மி.கி. அளவுக்கு எரு நிறைந்த மண்ணே மாற்றிவிடும். உப்பைத்தான் அது திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும்.

சோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருங்கள். பாலாற்றுப் படுகை டேனரி வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையமும் அமைந்தது. ஆலை மூடிவிட்டது என்பதால் பொறுப்பும் தீர்ந்துவிடவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி, அவர்களையும் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அதை எருப் போடுவதற்கு முன்னால் செய்யுங்கள். மாற்றிய பிறகு எடுத்தால் குரோமியம்-6 இல்லை என்று வரும், உங்கள் மனு அங்கேயே நிற்கும்.